ஏழரையின் எல்லைக்கோடு

நேயர்களுக்கு வணக்கம்.

ஏழரை என்றால் நம் ஆட்களுக்குச் சனிதான் நினைவுக்கு வரும். ஆனால் 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஏழரை சதவீதம், அதாவது தமிழ்நாட்டு மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான உள் ஒதுக்கீடு, பல ஏழை வீடுகளுக்கு நல்ல காலமாக அமைந்தது. நீட் வந்தபிறகு அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவம் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை. இந்த உள் ஒதுக்கீட்டால் முதல் ஆண்டிலேயே மருத்துவம், பல் மருத்துவம் இரண்டிலும் சேர்த்து ஏறக்குறைய 400 பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது. மறு ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று விரிந்தது. வழக்குகள் வந்தன, 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. நானும் மகிழ்ந்தவன்தான்.

எனக்குள்ள குறை ஒன்றே ஒன்று. நான் வேலை பார்த்தது கிராமத்து எய்டட் நடுநிலைப் பள்ளி. ஆசிரியருக்குச் சம்பளம் அரசாங்கம் கொடுக்கும், கட்டடம் நிர்வாகத்துடையது. எட்டாவதோடு முடிந்துவிடும், ஒன்பதாவதுக்குப் பக்கத்து ஊர் அரசுப் பள்ளிக்குப் போகவேண்டும். அப்படிப் போன பிள்ளை பன்னிரண்டாவது முடித்து, நீட்டில் தேறி வந்தாலும் இந்த ஒதுக்கீட்டில் சேராது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்பது விதி.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி ஏழைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளியில் ஒதுக்கும் இடத்தில் எட்டாவது வரை படித்துவிட்டு ஒன்பதாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தால் அந்தப் பிள்ளைக்குத் தகுதி உண்டு. கொடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே அரசுப் பள்ளியில், அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்கள் பள்ளிப் பிள்ளை மட்டும் என்ன பாவம் செய்தது?

எய்டட் என்றால் எல்லாரும் ஏழை இல்லை என்பார்கள். சரிதான். நகரத்துப் பெரிய எய்டட் பள்ளிகளையும் உள்ளே விட்டால் இருக்கிற இடத்தையெல்லாம் அவர்களே அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் மொத்தமாகச் சேருங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆறு முதல் எட்டு வரை எய்டட் நடுநிலைப் பள்ளி, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. இப்படி வந்தவர்களை மட்டுமாவது சேருங்கள்.

எல்லைக்கோட்டைத் தள்ளிப் போடுவது அரசுக்குத் தெரியாத வேலை இல்லை. காலை உணவு 2022-இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கியது. 2024 ஜூலையில் ஊரகப் பகுதி எய்டட் பள்ளிகளுக்கும் வந்தது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும் முதலில் அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குத்தான். 2024 கடைசியில் எய்டட் பள்ளியில் தமிழ் வழி படித்தவர்களுக்கும் கிடைத்தது. உப்புமாவும் ஆயிரம் ரூபாயும் தாண்டிய கோட்டை மருத்துவ இடம் இன்னும் தாண்டவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம், ஐந்தாவது முடித்த பெண் குழந்தைக்கு டி.சி. வாங்க ஒரு அம்மா வந்தார். "ஏன்மா, இங்கேயே இன்னும் மூணு வருஷம் படிக்கட்டுமே?" என்றேன். "இங்க படிச்சா டாக்டர் சீட்டு கிடைக்காதாமே சார்" என்றார். பிள்ளை வகுப்பில் முதல் மாணவி. அரசுப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

வணக்கம்.