பல்திறன் ஃபார்வர்டைச் சுற்றி அரை ஆடுகளத் தாக்குதலை அமைப்பது எப்படி?

[திரையில்: மேலிருந்து பார்க்கும் அரை ஆடுகளம். ஐந்து நீலப் புள்ளிகள், ஐந்து சிவப்புப் புள்ளிகள்.]

வணக்கம். எதிரணியின் ஐவரும் பின்வாங்கித் தங்கள் கூடைக்கு முன்னால் அணிவகுத்து நின்றுவிட்ட பிறகு, 24 விநாடிக் கடிகாரம் ஓடி முடிவதற்குள் ஒரு நல்ல ஷாட்டை உருவாக்குவதுதான் கூடைப்பந்தின் மிகக் கடினமான வேலை. பாஸ் கொடுக்கவும், டிரிபிள் செய்யவும் (பந்தைத் தரையில் தட்டியபடி நகரவும்), ஸ்கிரீன் போடவும் (தடுப்பாளரின் வழியில் உடலால் மறித்து நிற்கவும்) தெரிந்த ஒரு ஃபார்வர்டு, அதாவது கூடைக்கு அருகிலும் பக்கவாட்டிலும் ஆடும் வீரர், அணியில் இருந்தால், அந்த வேலையை அவரைச் சுற்றி எப்படி அமைக்கலாம் என்பதை இந்த வீடியோவில் பார்ப்போம்.

பல திறமைகள் உள்ளவர் என்றதும் பந்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, மற்ற நால்வரும் ஒதுங்கி நிற்கும்படி தாக்குதலை அமைக்கும் பயிற்சியாளர்கள் உண்டு. அப்போது அவருடைய திறமைகளில் ஷாட் அடிப்பது ஒன்று மட்டுமே பயன்படுகிறது. நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: ஆடுகளத்தின் எந்த இடத்தில் அவர் பந்தைப் பிடித்தால், எதிரணியினர் எதைத் தடுப்பது என்று முடிவெடுக்க முடியாமல் திணறுவார்கள்?

[திரையில்: ஃப்ரீ த்ரோ கோட்டைச் சுற்றி மஞ்சள் வட்டம்.]

விடை, ஃப்ரீ த்ரோ கோட்டை ஒட்டிய இந்தப் பகுதி. இங்கிருந்து கூடையை ஒரே டிரிபிளில் எட்டிவிடலாம். இரண்டு மூலைகளுக்கும் ஒரே பாஸில் பந்தை அனுப்பலாம்.

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.யில் ஆடும் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி. ஸ்டீவ் கெர் 2014-ல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றபோது, அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் டேவிட் லீ காயமடைந்ததால், புதிய வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2012-ல் 35-ஆவதாகத் தேர்வான ஃபார்வர்டு டிரேமண்ட் கிரீனுக்குத் தொடக்க ஐவரில் இடம் கிடைத்தது. உயரம் சுமார் ஆறரை அடிதான். குறி தவறாத ஷூட்டர் என்றும் அவரைச் சொல்ல முடியாது.

[திரையில்: கரி, கிரீன் இருவரின் பிக் அண்ட் ரோல் (ஸ்கிரீன் போட்டவர் உடனே கூடைப் பக்கம் நகரும் ஆட்டம்), மெதுவான வேகத்தில்.]

ஆடுகளத்தின் உச்சியில், அதாவது கூடைக்கு நேரெதிரே மூன்று புள்ளிக் கோட்டருகே, வாரியர்ஸின் ஷூட்டர் ஸ்டெஃபன் கரி பந்தோடு நிற்க, கிரீன் வந்து ஸ்கிரீன் போடுகிறார். கரியை ஒரு கணம் தனியாக விட்டாலும் மூன்று புள்ளி போய்விடும் என்பதால், இரண்டு தடுப்பாளர்கள் சேர்ந்து அவரை மடக்குகிறார்கள். இப்போது கிரீனின் கால்களைக் கவனியுங்கள். அவர் கூடை வரை ஓடுவதில்லை. ஃப்ரீ த்ரோ கோட்டருகே நின்று, இரு கால்களையும் ஊன்றிப் பந்தைப் பிடிக்கிறார். கரியை மடக்கிய இருவரும் கிரீனுக்குப் பின்னால் தங்கிவிட்டதால், முன்னால் இருப்பது நான்கு பேருக்கு எதிராக மூன்று பேர். கிரீனின் கண்கள் கூடையைப் பார்ப்பதில்லை, கூடைக்குக் காவல் நிற்கும் கடைசித் தடுப்பாளரையே பார்க்கின்றன. அந்தத் தடுப்பாளர் ஓரடி முன்னேறினால், அடிக்கோட்டருகே காத்திருக்கும் சென்டருக்கு (பொதுவாக அணியின் மிக உயரமான வீரர்) பந்து மேலே தூக்கிப் போடப்படுகிறது. அதைத் தடுக்க மூலைத் தடுப்பாளர் உள்ளே நகர்ந்தால் பந்து மூலைக்குப் போகிறது. எவரும் நகராவிட்டால் கிரீனே கூடைக்குச் செல்கிறார்.

2015 என்.பி.ஏ. இறுதித் தொடரில் எதிரணியான கிளீவ்லேண்ட் 2-1 என முன்னிலை பெற்றிருந்தபோது, கெர் நான்காம் ஆட்டத்தில் சென்டர் ஆண்ட்ரூ போகட்டை வெளியே அமர்த்தி, ஃபார்வர்டு ஆண்ட்ரே இக்வோடாலாவைத் தொடக்க ஐவரில் இறக்கினார். உயரத்தை விட்டுக்கொடுத்ததற்கு விலை இருந்தது: கிளீவ்லேண்டின் சென்டர் டிமோஃபி மோஸ்கோவ் அந்த ஆட்டத்தில் 28 புள்ளிகள் எடுத்தார். ஆனாலும் வாரியர்ஸ் 103-82 என வென்று, தொடரையும் 4-2 எனக் கைப்பற்றியது. இக்வோடாலா தொடரின் சிறந்த வீரரானார். மறு பருவத்தில் கிரீன் ஆட்டத்துக்குச் சராசரியாக 7.4 அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்க வழிசெய்யும் பாஸ்) கொடுத்தார், அணி 82 ஆட்டங்களில் 73-ஐ வென்றது. ஒரு ஃபார்வர்டிடம் நான் முதலில் தேடுவது இந்தப் பாஸ் கொடுக்கும் அறிவைத்தான்.

ஃபார்வர்டை இப்படி நடுவில் வைப்பது புதிய எண்ணமும் அல்ல. 2001-02 பருவத்தில் 61 ஆட்டங்களை வென்ற சாக்ரமெண்டோ கிங்ஸ் அணியில், கிறிஸ் வெபரும் விளாடே டிவாட்ஸும் ஃப்ரீ த்ரோ கோட்டின் முனைகளில் பந்தைப் பிடிக்க, மற்றவர்கள் தடுப்பாளரின் முதுகுப் பக்கமாகக் கூடைக்கு வெட்டி ஓடினார்கள்.

எதிரணிகள் இதற்கு ஒரு மாற்று கண்டுபிடித்தன. ஃபார்வர்டு தூரத்திலிருந்து அடிக்கமாட்டார் என்றால், அவரைக் காக்கும் தடுப்பாளர் கூடைக்கு அருகே ஒதுங்கி நின்றுகொள்கிறார். அந்தத் தடுப்பாளர் விட்டுக்கொடுத்த இடத்தையே பயன்படுத்த வேண்டும். ஃபார்வர்டு பந்தோடு நிற்க, ஷூட்டர் அவரை உரசியபடி ஓடிவந்து பந்தைக் கையோடு வாங்கிக்கொள்கிறார்; இதை ஹேண்ட் ஆஃப் என்கிறோம். துரத்தி வரும் தடுப்பாளர் ஃபார்வர்டின் உடலில் மோதி நின்றுவிடுகிறார், உதவிக்கு வரவேண்டியவரோ கூடையடியில் இருக்கிறார். ஆனால் தூரத்திலிருந்து அடிக்காதவர்கள் ஒரே நேரத்தில் இருவர் ஆடுகளத்தில் இருந்தால் இடம் சுருங்கி, இந்த வழியும் அடைபட்டுவிடும்.

[திரையில்: இரண்டு ஆடுகளங்களின் கோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக.]

நம் ஊரில் ஃபிபா, அதாவது சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் விதிப்படி ஆடுபவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. என்.பி.ஏ.யில் உச்சியில் 7.24 மீட்டர் தொலைவில் இருக்கும் மூன்று புள்ளிக் கோடு, ஃபிபாவில் 6.75 மீட்டர்தான். மேலும், எவரையும் நெருங்கிக் காக்காத தடுப்பாளர் கூடைக்கு முன்னுள்ள பகுதியில் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது என்னும் என்.பி.ஏ. விதி ஃபிபாவில் கிடையாது. ஒதுங்கி நிற்பவர் அங்கேயே நிலைத்து நிற்கலாம், அங்கிருந்து ஷூட்டரை எட்டும் தூரமும் குறைவு. எனவே ஹேண்ட் ஆஃபை உச்சியில் வைக்காமல் ஒரு பக்கத்துக்குக் கொண்டுபோய், அந்தப் பக்க மூலையைக் காலியாக்கிவிடுங்கள். மூலையிலிருந்து உதவிக்கு வர எவரும் இல்லாதபோது, ஒதுங்கி நின்றவர் ஷூட்டரை நோக்கி வெளியே வந்தாக வேண்டும், அவர் வெளியே வந்த அந்தக் கணத்தில் ஃபார்வர்டு கூடையை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும்.