போதகரின் குருப்பட்டம் செல்லுமா, செல்லாதா? 28 ஆண்டுகள் இழுத்த விவாதம் 1947-ல் எப்படி முடிந்தது?

[முன்னோட்டம்]

ஒரு போதகரை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டுகள் ஒரே சபையை மேய்த்தவர். ஊரில் பாதிப் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், கல்யாணம் நடத்திவைத்தவர், கல்லறைத் தோட்டம் வரை கூட நடந்தவர். அவரிடம் போய், "ஐயா, உங்கள் குருப்பட்டம் செல்லாது. ஒரு பேராயர் தலையில் கைவைத்தால்தான் நீங்கள் குருவானவர்" என்று சொன்னால் அவர் மனம் என்ன பாடுபடும்? தென்னிந்தியாவில் சபைகளை ஒன்றாக்கும் பேச்சு 28 ஆண்டுகள் இழுத்ததற்கு இந்தக் கேள்வியே பெரிய காரணம்.

[தலைப்பு இசை]

வணக்கம். சி.எஸ்.ஐ. என்று தினமும் சொல்கிறோம், தென்னிந்தியத் திருச்சபை என்று பலகையில் எழுதுகிறோம். அது பிறந்த கதையை அந்தச் சபைக்காரர்களே பலர் கேட்டதில்லை. கடைசி வரை பாருங்கள்.

[திரையில்: பழைய சென்னை மாகாண வரைபடம்]

பின்னணியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மிஷன் சங்கங்கள் ஊர்களைப் பங்கு போட்டுக்கொண்டு வேலை செய்தன. திருநெல்வேலிக்கு, பேராயர்கள் உள்ள இங்கிலாந்துச் சபையான ஆங்கிலிக்கன் சங்கங்கள், மதுரைக்கு அமெரிக்க மிஷன், நாகர்கோவிலுக்கு லண்டன் மிஷன், செங்கல்பட்டுப் பக்கம் ஸ்காட்லாந்துக்காரர்கள், மன்னார்குடியில் மெதடிஸ்டுகள். நீங்கள் எந்த ஊரில் பிறந்தீர்களோ அந்தச் சபை. மதுரையில் திருவிருந்துப் பந்தியில் உட்கார்ந்த ஒருவர் வேலை கிடைத்துப் பாளையங்கோட்டைக்குப் போனால், பேராயர் கையால் திடப்படுத்தல் (முழு உறுப்பினராக ஏற்கும் சடங்கு) பெறாதவர் என்று திருவிருந்துக்கு வெளியே நிற்க வேண்டி வரும். இங்கிலாந்தில் என்றோ நடந்த சண்டைக்குத் தாமிரபரணிக் கரையில் தண்டனை!

இந்த வேதனையை நெஞ்சில் சுமந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-ல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர், 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். 1919 மே மாதம் முதல் இரண்டு நாட்கள், தரங்கம்பாடியில் ஒரு கூட்டம். வந்தவர்கள் 33 பேர், இருவர் தவிர அனைவரும் இந்தியர்கள். 1706-ல் மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கிய அதே ஊர். அவர்கள் வெளியிட்ட அறிக்கையின் சாரம் இதுதான்: இந்தப் பிரிவினைகளை நாங்கள் உண்டாக்கவில்லை, வெளியிலிருந்து எங்கள் மேல் சுமத்தினார்கள், இவற்றைத் தொடர எங்களுக்கு விருப்பமில்லை. வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில், மிஷன் பணத்தில் நடந்த சபைகளில் இருந்துகொண்டு இப்படி எழுத எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

அடுத்த ஆண்டே பேச்சுவார்த்தை தொடங்கியது. 1929-ல் முதல் திட்டம் அச்சாகி வந்தது, பிறகு திருத்தம், திருத்தத்துக்குத் திருத்தம். எல்லாம் வந்து முட்டிக்கொண்டு நின்றது அந்தக் குருப்பட்டக் கேள்வியில்தான்.

[திரையில்: ரோமர் 14-ஆம் அதிகாரம்]

இங்கே கொஞ்சம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ரோமாபுரிச் சபையில் சாப்பாட்டுத் தகராறு. ஒரு சாரார் எதையும் சாப்பிட்டார்கள், இன்னொரு சாரார் மரக்கறி மட்டும். பவுல் இரு பக்கத்துக்கும் ஒரே கட்டளையைக் கொடுக்கவில்லை, கவனித்தீர்களா? சாப்பிடுகிறவனிடம், மற்றவனை அற்பமாய் எண்ணாதே என்கிறார். சாப்பிடாதவனிடம், மற்றவனைக் குற்றவாளியாகத் தீர்க்காதே என்கிறார். சுதந்திரமாய் நடப்பவனுக்கு வரும் சோதனை ஏளனம். கட்டுப்பாடாய் நடப்பவனுக்கு வரும் சோதனை தீர்ப்பு. நோய் இரண்டு, அதனால் மருந்தும் இரண்டு. மனித மனத்தை இவ்வளவு துல்லியமாகப் பிடித்த வரியை நான் அதிகம் படித்ததில்லை.

இதை நம் ஊருக்குக் கொண்டுவாருங்கள். கழுத்தில் நகை போடாத அம்மா, நகை போட்ட பெண்ணைப் பார்த்து "பெயர்க் கிறிஸ்தவள்" என்று தீர்த்துவிடுகிறார். அந்தப் பெண்ணோ "அதெல்லாம் படிக்காத ஜனங்களின் பழக்கம்" என்று உதட்டைச் சுழிக்கிறாள். முழுக்கு ஞானஸ்நானம், அந்நியபாஷை, வெள்ளை உடை, எதை எடுத்தாலும் இதே இரண்டு முகங்கள். 1947-க்கு முன்பும் அப்படித்தான். ஆங்கிலிக்கன் தரப்பில் சிலர், "உங்கள் ஊழியம் குறையுள்ளது" என்று தீர்த்தார்கள். எதிர்த் தரப்பில் சிலர், "பேராயர் என்பதே ரோமாபுரியின் மிச்சம்" என்று அற்பமாய் எண்ணினார்கள்.

எப்படித் தீர்ந்தது? மற்ற சபைப் போதகர்கள் மேல் பேராயர் கைவைக்கும் ஒரு கூடுதல் சடங்கு நடத்தலாம் என்ற யோசனை வந்தது, ஏற்கப்படவில்லை. முடிவாக ஒப்புக்கொண்டது இதைத்தான்: யாருக்கும் மறு குருப்பட்டம் கிடையாது. இணையும் மூன்று சபைகளின் போதகர்களும் இருந்தபடியே புதிய சபையின் போதகர்கள். இனிமேல் குருப்பட்டம் பெறுகிறவர்களுக்கு மட்டும் பேராயர் கைவைப்பார். பேராயர் பதவி இருக்கும், ஆனால் அதற்கு இன்ன விளக்கத்தைத்தான் நம்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பழக்கமில்லாத ஆராதனை முறையையோ, மனசாட்சி ஒப்பாத ஊழியத்தையோ எந்தச் சபையின் மேலும் திணிக்க மாட்டோம் என்று வாக்குறுதியும் எழுதிக்கொண்டார்கள். மீதிச் சிக்கலை 30 ஆண்டுகள் கழித்துப் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள்.

யார் சொன்னது சரி என்று அவர்கள் முடிவு கட்டவே இல்லை! கோழைத்தனம் என்று இதைச் சிலர் அன்று சாடினார்கள், இங்கிலாந்திலிருந்தும் பலத்த எதிர்ப்பு வந்தது. எனக்கு இது பெரிய விசுவாசமாகத் தெரிகிறது. "மற்றொருவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறதற்கு நீ யார்?" என்ற வசனத்தைச் சட்டப் புத்தகத்துக்குள் கொண்டுவந்து, அதன்படி வாழவும் துணிந்தார்கள்.

[திரையில்: செயின்ட் ஜார்ஜ் பேராலயம், கதீட்ரல் சாலை, சென்னை]

1947 செப்டம்பர் 27, சனிக்கிழமை. சுதந்திரம் வந்து 43 நாட்கள். திருவாங்கூர்ப் பேராயர் சி.கே. ஜேக்கப் தலைமையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை (அமெரிக்க, லண்டன், ஸ்காட்லாந்து மிஷன்களின் சபைகள் முன்பே சேர்ந்தது) மூன்றும் ஒரே திருச்சபை ஆயின. சுமார் 10 லட்சம் விசுவாசிகள், 14 திருமண்டலங்கள். பேராயர் உள்ள சபையும் பேராயர் இல்லாத சபைகளும் இப்படி ஒன்றுசேர்ந்தது சீர்திருத்தக் காலத்துக்குப் பின் உலகிலேயே முதல் முறை. அன்று ஒன்பது புதிய பேராயர்கள் அபிஷேகம் பெற்றார்கள். அவர்களில் ஒருவர் லெஸ்லி நியூபிகின், வயது 37, காஞ்சிபுரத்தில் ஊழியம் செய்தவர். பேராயரே வேண்டாம் என்ற ஸ்காட்லாந்து சபையின் மிஷனரி மதுரை–இராமநாதபுரத்துக்குப் பேராயர் ஆனார்! அசரியா இதைப் பார்க்கவில்லை. 1945 ஜனவரி முதல் நாளே கண்மூடிவிட்டார்.

எல்லாரும் சேர்ந்துவிடவில்லை. லுத்தரன்கள் வெளியே நின்றார்கள், ஆந்திரப் பகுதியின் நந்தியாலில் ஆங்கிலிக்கன்கள் பலரும் மறுத்தார்கள். அதைவிட எனக்கு வலிப்பது வேறு. மூன்று நாட்டு மரபுகளை ஒரே பந்தியில் உட்காரவைத்த நம்மால் சாதியைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட முடியவில்லை. தேர்தல் வந்தால் சபைக்குள் யார் எந்தச் சாதி என்று எண்ணுகிறார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பிரிவினையை எதிர்த்து அறிக்கை விட்டோமே, நாமே உண்டாக்கிய இந்தப் பிரிவினைக்கு யார் அறிக்கை எழுதுவது? இதற்குத் தனி வீடியோ அவசியம் வரும்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் சபையில் திருவிருந்துக்கு ஒரே பாத்திரமா, சிறு கிண்ணங்களா? முன்னால் போய் முழங்காலிடுகிறீர்களா, இருந்த இடத்திலேயே வாங்குகிறீர்களா? ஊரின் பெயரோடு எழுதுங்கள். அந்தப் பழக்கம் எந்த மிஷனிலிருந்து வந்திருக்கும் என்று அடுத்த வீடியோவில் தேடிப் பார்ப்போம்.