பெல்ட் வண்டியின் கால்கள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். குறுவைக் கதிர் பழுத்து, அறுவடை இயந்திரங்கள் வயலில் இறங்கப்போகிற நேரம் இது. ரப்பர் பெல்ட்டில் ஓடும் நெல் அறுவடை வண்டியின் ஓட்டப் பகுதியை, வைத்திருப்பவர்களும் ஓட்டுபவர்களும் தம் கையாலேயே எவ்வாறு பராமரிக்கலாம் என்பதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். கதிரை வெட்டும் கட்டரைப் பற்றியோ நெல்லைப் பிரிக்கும் உருளையைப் பற்றியோ இன்று நான் பேசப்போவதில்லை. சேற்றுக்குள் இருப்பதால் யாரும் குனிந்து பார்க்காத அந்தக் கீழ்ப்பகுதியைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

சேற்று வயலைச் சமப்படுத்தும் பரம்புப் பலகையின் மேல் நின்றவர்களுக்குத் தெரியும், வெறுங்கால் முழங்கால்வரை புதைகிற சேற்றிலும் பலகை புதையாது. பெல்ட் வண்டியும் அப்படித்தான் நிற்கிறது. இரண்டு நீண்ட ரப்பர் பெல்ட்டுகள் வண்டியின் பாரத்தைப் பரப்பித் தாங்குவதால், ஐப்பசி மழையில் ஈரம் வடியாத வயலிலும் அது இறங்கி அறுக்கிறது. எஞ்சின் ஒரு பம்பைச் சுழற்றுகிறது. பம்பு பெரும் அழுத்தத்தில் தள்ளும் எண்ணெய் ஒரு மோட்டாரைச் சுழற்றுகிறது. மோட்டாரின் வேகம் கியர் பெட்டிக்குள் குறைந்து வலுவாக மாறி, அச்சின் வழியே ஸ்ப்ராக்கெட் என்னும் பல்சக்கரத்துக்கு வந்து பெல்ட்டை இழுக்கிறது. மினி ஹிட்டாச்சி என்னும் சிறிய மண் தோண்டும் வண்டியிலும் பெல்ட்டில் ஓடும் சிறிய லோடர்களிலும் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி மோட்டார் இருக்கும். வேறுபாடு அவ்வளவுதான்; ஆகவே அந்த வண்டிகளை வைத்திருப்பவர்களும் இதைக் கேட்கலாம்.

இந்த அச்சு கியர் பெட்டியிலிருந்து வெளியே வரும் இடத்தில் ஓர் ஆயில் சீல் இருக்கிறது. உங்கள் பம்புசெட்டில் தண்ணீர் கசியாமலிருக்கத் தண்டைச் சுற்றிக் கயிறு திணித்து இறுக்குகிறீர்கள் அல்லவா, ஏறக்குறைய அதே வேலையைத்தான் இந்த ரப்பர் வளையமும் செய்கிறது. உள்ளே இருக்கும் எண்ணெய் வெளியே வராமலும், வெளியே இருக்கும் சேறு உள்ளே போகாமலும் காப்பது அதன் மெல்லிய உதடுதான். இன்றைக்கு நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி இந்த உதட்டைக் காப்பாற்றுவதைப் பற்றியதே.

ஒரு தை மாதம், திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் வண்டி சம்பா அறுத்துக்கொண்டிருந்தது. மழை வரும் என்ற அறிவிப்பு வந்ததால் மூன்று நாள் இரவு பகலாக ஓட்டினோம். இரவு பதினொரு மணிக்கு வண்டியை வரப்போரம் நிறுத்துவோம், சேற்றோடு அப்படியே விட்டுவிட்டுப் படுப்போம், விடிந்ததும் கிளப்புவோம். மூன்றாம் நாள் காலையில் ஓட்டுநர் தம்பி, "அண்ணே, இடப்பக்கம் கொஞ்சம் இழுக்கிறது" என்றார். ஸ்ப்ராக்கெட்டின் உட்புறத்தில் கறுப்பாக ஈரம் தெரிந்தது. சேற்று நீர் என்றே நினைத்தேன். விரலால் தொட்டு, இரண்டு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்திருந்தால் அது எண்ணெய் என்று அந்தக் கணமே தெரிந்திருக்கும். மதியம் கடகடவென்று சத்தம் வந்தது. நடு வயலில் வண்டி நின்றுவிட்டது.

பெல்ட்டைக் கழற்றி ஸ்ப்ராக்கெட்டை இழுத்தபோது, அச்சைச் சுற்றி வைக்கோல் பிரி முறுக்கியது போல இறுகிச் சுற்றியிருந்தது. களிமண் அதோடு காய்ந்து, உளிகொண்டு தட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பிரி சுற்றச் சுற்ற உள்ளே நகர்ந்து, சீலின் உதட்டைக் கத்தியால் கீறியது போல ஓரிடத்தில் பிளந்திருந்தது. அந்தப் பிளவு வழியே எண்ணெய் போய், சேறு வந்து, பேரிங் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. கியர் பற்களில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். சீலின் விலை சில நூறு ரூபாய். நான் செலவழித்தது 42,000 ரூபாய். பணத்தைக்கூடச் சம்பாதித்துவிடலாம். அடுத்து எங்களுக்காகக் காத்திருந்த ஓர் அக்காவின் ஆறு மா நிலத்து நெல், வண்டி பழுதுபார்த்து வருவதற்குள் பெய்த மழையில் சாய்ந்து முளைவிட்டுவிட்டது. அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. கையளவு முளைத்த கதிரைக் கொண்டுவந்து காட்டினார். அன்றிலிருந்துதான் நான் ஒவ்வொரு இரவும் டார்ச்சு விளக்கோடு வண்டிக்கடியில் குனிந்து பார்க்கிறேன்.

ஆகவே முதல் வேலை கழுவுவது. சேறு காய்வதற்கு முன்பு, அன்றைக்கு இரவே கழுவ வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் இருந்தால் ஒரு வாளியும் ஒரு சிறு மண்கொத்தியும் போதும். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகே கையை உள்ளே விட வேண்டும். ஸ்ப்ராக்கெட்டுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே, பெல்ட்டின்மேல் உருண்டு வண்டியைத் தாங்கும் ரோலர்களின் இரு முனைகளில், ஸ்ப்ராக்கெட்டுக்கு எதிர்முனையில் பெல்ட்டைத் தாங்கிச் சுழலும் ஐட்லர் சக்கரத்தின் உட்புறத்தில் எங்கெல்லாம் வைக்கோல் சுற்றியிருக்கிறதோ, அங்கெல்லாம் அரிவாள் முனையால் அறுத்து இழுத்துவிட வேண்டும். அரிவாள் சீலின் பக்கம் போகக்கூடாது. அழுத்த நீர்க்குழாய் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அந்த நீரைச் சீலுக்கு நேராகப் பாய்ச்சாதீர்கள், ஓடிவந்த சூட்டோடும் அடிக்காதீர்கள். சூடான பெட்டி சட்டென்று குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, வெளியிலுள்ள நீரை உள்ளே உறிஞ்சும். வேதாரண்யம், திருத்துறைப்பூண்டிப் பக்கம் உவர் நிலத்தில் ஓட்டுபவர்கள் நல்ல தண்ணீரில் கழுவுவது கட்டாயம். பெல்ட்டுக்குள் எஃகுக் கம்பிகள் ஓடுகின்றன. ரப்பரில் ஒரு சிறு கீறல் இருந்தால் உப்பு நீர் அதன் வழியே புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். பெல்ட் வெளியே புதிதுபோல் தெரியும்போதே உள்ளே அறுந்துபோவது இதனால்தான்.

அடுத்தது பெல்ட்டின் இழுவிசை. இதைச் சைக்கிள் செயினை வைத்து எல்லோரும் புரிந்துகொள்ளலாம். தளர்ந்தால் செயின் கழன்றுவிடும், அதிகமாக இறுக்கினால் மிதிக்க முடியாது. பெல்ட்டும் தளர்ந்திருந்தால் சேற்றில் திரும்பும்போது ஸ்ப்ராக்கெட்டிலிருந்து நழுவும். இறுகியிருந்தால் எஞ்சினின் வலுவைத் தின்று, ரோலர் பேரிங்கையும் அச்சின் பேரிங்கையும் அழிக்கும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, அடிச்சட்டத்தை ஜாக்கியால் தூக்கி, கனமான மரக்கட்டைகளை அடுக்கி அதன்மேல் அமர்த்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கடியில் போகக்கூடாது; இதை மறுபடியும் சொல்கிறேன், ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் போகக்கூடாது. இப்போது நடு ரோலருக்கும் தொங்கும் பெல்ட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். சிறிய வண்டிகள் பலவற்றில் அது ஒன்றரை விரல் அகலத்துக்குள் இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் அச்சிட்டிருக்கும் அளவே முடிவானது. அளப்பதற்கு முன்பு பெல்ட்டைக் கழுவியிருக்க வேண்டும், ஏனென்றால் ரோலர்களுக்கிடையே அடைத்த களி பெல்ட்டை இறுக்கமாகக் காட்டி ஏமாற்றும்.

சில வண்டிகளில் நீண்ட போல்ட்டைத் திருகி இறுக்குவோம். மினி ஹிட்டாச்சியிலும் லோடரிலும் கிரீஸ் கன்னால் கிரீஸை ஏற்றி இறுக்குவார்கள். அந்தக் கிரீஸ் பெரும் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. தளர்த்தும்போது வால்வை ஒரு சுற்றுக்குமேல் திருகாதீர்கள், முகத்தையோ கையையோ அதற்கு நேராக வைக்காதீர்கள். பீறிட்டு வரும் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போனால், வலி சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

தூக்கி வைத்த நேரத்திலேயே ரோலர்கள் ஒவ்வொன்றையும் கையால் சுற்றிப் பாருங்கள். நல்ல ரோலர் சத்தமின்றிச் சுழலும். மணலை அம்மியில் அரைப்பது போலச் சத்தம் வந்தால் பேரிங் போய்விட்டது. நான் இதற்கு இன்னொரு வழியும் வைத்திருக்கிறேன்: வேலை முடிந்து எஞ்சினை அணைத்ததும், புறங்கையை ஒவ்வொரு ரோலருக்கும் அருகே கொண்டுபோவேன். மற்றவை இளஞ்சூடாக இருக்க, ஒன்று மட்டும் கொதித்தால் அடுத்துப் போகப்போவது அதுதான். ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் ஒரு பக்கம் தேய்ந்து புலிநகம் போல வளைந்திருந்தால், அதன்மேல் புதிய பெல்ட்டைப் போடாதீர்கள். பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய பெல்ட்டை அந்தப் பழைய பல் மிக விரைவில் தின்றுவிடும்.

ஓட்டும் பழக்கமும் பராமரிப்பில் சேர்ந்ததுதான். தார்ச் சாலையிலும் காய்ந்த களத்துமேட்டிலும் நின்ற இடத்திலேயே சுழற்றித் திருப்பினால் ரப்பர் கட்டைகள் உதிரும். சிமெண்டு வாய்க்காலின் விளிம்பில் பெல்ட்டின் ஓரம் உரசினால் கிழியும். வரப்பைக் குறுக்காக நேரே ஏறிக் கடக்க வேண்டும், சாய்வாக ஏறினால் ஒரு பக்கப் பெல்ட் தொங்கிக் கழலும். ஊர் விட்டு ஊர் போக லாரிதான். சாலையில் ஓட்டிப்போய் மிச்சம் பிடித்த லாரி வாடகை பெல்ட்டில் போய்விடும்.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். எண்ணெயைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும் என்றுதான் குறித்துவைத்திருந்தேன், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். கியர் பெட்டியின் எண்ணெயை வாரம் ஒருமுறை பாருங்கள். மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெயிலில் பிடித்தால் ஜிகினா போல மின்னினால் உள்ளே இரும்பு தேய்கிறது. இரண்டில் எது தெரிந்தாலும் அன்றைக்கே வண்டியை நிறுத்துங்கள். எண்ணெயையும் வடிகட்டியையும் கையேட்டில் உள்ள மணிக்கணக்கில் மாற்றுங்கள், புது வண்டியில் முதல் மாற்றம் மிகச் சீக்கிரமே வரும். ஊற்றும் புனலும் துடைக்கும் துணியும் சுத்தமாக இருக்க வேண்டும். பம்பையும் மோட்டாரையும் மட்டும் வயலில் பிரிக்காதீர்கள். முடியிலும் மெல்லிய தூசி போதும் அதைக் கெடுக்க. அது பட்டறையில் தேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை. பருவம் முடிந்ததும் கழுவி, பலகைகளின் மேல் நிறுத்தி, பெல்ட்டில் வெயில் படாமல் சாக்கோ தார்ப்பாயோ போட்டு மூடி, மாதம் ஒருமுறை சற்று முன்னும் பின்னும் நகர்த்தி வையுங்கள். வணக்கம்.