விளக்குக் கம்பத்தை நிறுத்தினாலும் ஜெயித்த தொகுதி: மன்ஹைம் 1-இன் கதை

[திரை: ஒரு மாநில வரைபடம், முழுக்கக் கறுப்பு. மேல் மூலையில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி.]

இந்தப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஜெர்மனியின் தென்மேற்கில் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், 2006 மார்ச்சில் நடந்த சட்டமன்றத் தேர்தலின் முடிவு இது. மொத்தம் 70 தொகுதிகள். அதில் 69-ஐ சிடியு, அதாவது கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி, அள்ளிக்கொண்டு போய்விட்டது. கறுப்பு அவர்களுடைய நிறம். மிச்சம் இருந்த ஒன்றே ஒன்று, ரைன் ஆற்றோடு நெக்கர் ஆறு சேருகிற ஊரில், சிவப்பாக நிற்கிறது. அந்தப் புள்ளியின் பெயர் மன்ஹைம் 1. சிவப்பு, எஸ்பிடி என்ற சமூக ஜனநாயகக் கட்சியின் நிறம்.

[திரை: புள்ளி மட்டும் பெரிதாகிறது. 2011 சிவப்பு, 2016 நீலம், 2021 பச்சை.]

2011-இலும் மாநிலம் முழுக்க எஸ்பிடி நேரடியாக ஜெயித்தது ஒரே ஒரு தொகுதியில்தான். அதே புள்ளி. 2016-இல் அது நீலமானது. நீலம், ஏஎஃப்டி என்ற தீவிர வலதுசாரிக் கட்சி. 2021-இல் பச்சை, அதாவது பசுமைக் கட்சி.

அடுத்தடுத்து மூன்று தேர்தல், மூன்று நிறம். "இடதுசாரித் தொழிலாளிகள் எல்லாம் வலதுபக்கம் சாய்ந்துவிட்டார்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். 2016-இல் நிறையப் பேர் அப்படித்தான் சொன்னார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஏன் என்று சொல்வதற்கு முதலில் ஊரைக் கொஞ்சம் சுற்றிப் பார்த்துவிடுவோம்.

[திரை: பாலத்தின் மேல் டிராம். பின்னால் புகைபோக்கிகள்.]

மன்ஹைமின் நடு ஊரில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் கொடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து டிராமில் ஏறி, குர்ஃபால்ஸ் பாலத்தில் நெக்கர் ஆற்றைத் தாண்டினால் நெக்கர்ஸ்டாட். அதற்கு மேல் வால்ட்ஹோஃப், கேஃபர்டால், ஷோனாவ், சாண்ட்ஹோஃபன். நகரத்தின் இந்த வடக்குப் பகுதிதான் நம் தொகுதி.

கார்ல் பென்ஸ் 1886-இல் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை வாங்கியது இந்த ஊரில் வைத்துத்தான். பென்ஸ் கம்பெனியின் பெரிய ஆலை அப்புறம் வால்ட்ஹோஃப் பக்கம் வந்தது. அதற்கு முன்பே அங்கே ஒரு கண்ணாடித் தொழிற்சாலை. சாண்ட்ஹோஃபனில் காகிதக் கூழ் ஆலை. கேஃபர்டாலில் பிரௌன் போவேரியின் மின் இயந்திரங்கள். ஆலை வந்தது, ஆலைக்குப் பக்கத்திலேயே குடியிருப்பு வந்தது, குடியிருப்புக்குள் தொழிற்சங்கம் வந்தது, கால்பந்துக் கிளப் வந்தது. 1954-இல் மேற்கு ஜெர்மனிக்கு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர் செப் ஹெர்பெர்கர் வால்ட்ஹோஃபில் பிறந்த தொழிலாளி வீட்டுப் பிள்ளை. ஷிஃப்ட் முடிந்ததும் சங்க அலுவலகம், ஞாயிற்றுக்கிழமை கால்பந்து, தேர்தல் வந்தால் எஸ்பிடி. யாருக்கு ஓட்டு என்று யோசிக்கவே வேண்டாம்.

மாநிலம் பிறந்தது 1952-இல். மறு வருஷத்திலிருந்து 2011 வரை, 58 வருஷம், முதலமைச்சர் நாற்காலியை சிடியு விடவே இல்லை. அப்படிப்பட்ட மாநிலத்தில் விளக்குக் கம்பத்துக்குச் சிவப்புத் துண்டு போட்டு நிறுத்தினாலும் ஜெயிக்கும் என்று சொல்லத்தக்க இடமாக இருந்தது மன்ஹைமின் வடக்கு.

ஆனால் அந்தக் கோட்டையில் பழைய விரிசலும் உண்டு. 1992 மே மாதக் கடைசியில் ஷோனாவில் ஒரு வதந்தி கிளம்பியது. அகதி முகாமில் இருக்கும் ஒருவன் ஒரு பெண்ணிடம் தவறாக நடந்துகொண்டான் என்று. அதில் உண்மை இல்லை. அதற்குள் நூற்றுக்கணக்கான பேர் முகாம் வாசலில் கூடிவிட்டார்கள். ஒரு நாளோடு முடியவில்லை, நாள்கணக்கில் நடந்தது. அதற்கு ஏழெட்டு வாரம் முன்னால் நடந்த சட்டமன்றத் தேர்தலில் ரெபுப்ளிக்கானர் என்ற தீவிர வலதுசாரிக் கட்சி மாநில அளவில் 10.9 சதவீதம் வாங்கியிருந்தது. இன்னும் பின்னால் போனால், 1968-இல் என்பிடி என்ற இன்னொரு தீவிர வலதுசாரிக் கட்சிக்கு 9.8 சதவீதம். 1968, 1992, 2016. நடுவில் சரியாக 24, 24 வருஷம். இதில் ஜோசியம் ஒன்றும் இல்லை. ஆனால் 2016-இல் வந்த அலையைப் பார்த்து "இப்படி ஒன்று இந்த மாநிலத்தில் நடந்ததே இல்லை" என்று வியந்தவர்கள் பழைய கணக்கைப் புரட்டவில்லை.

[திரை: ஒரு வாக்குச்சீட்டு. பக்கத்தில் பேனா.]

சரி, இப்போது விதிமுறை. கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

ஜெர்மனி என்றால் ஆளுக்கு இரண்டு ஓட்டு, ஒன்று வேட்பாளருக்கு, ஒன்று கட்சிக்கு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நாடாளுமன்றத் தேர்தலில் அப்படித்தான். பாடன்-வூர்ட்டம்பெர்க் 2021 வரை வேறு வழியில் போனது. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட வகுப்பறையில் ஒரு தட்டி மறைப்பு, ஒரு காகிதம், ஒரு பேனா. வட்டத்துக்குள் ஒரே ஒரு பெருக்கல் குறி. அந்த ஒரு குறியே உள்ளூர் வேட்பாளருக்கும் விழும், மாநில அளவில் அவர் கட்சியின் கணக்கிலும் சேரும். பிரித்துப் போட வழியே இல்லை.

அந்த முறையில் 70 தொகுதியில் 70 பேர் நேரடியாக ஜெயிப்பார்கள். அவையில் குறைந்தது 120 இடம். மீதி இடங்களைக் கட்சிகளின் மொத்த ஓட்டுக்கு ஏற்பப் பங்கு போடுவார்கள். அதற்குக் கட்சிப் பட்டியல், அதாவது கட்சி முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைத்த பெயர்கள், எதுவும் கிடையாது. தோற்றவர்களில் யார் நல்ல சதவீதம் வாங்கியிருக்கிறார்களோ அவர்களுக்கே அந்த இடம். அதற்குப் பெயர் இரண்டாம் இடம். ஓட்டில் இரண்டாவதாக வருவது என்ற அர்த்தத்தில் அல்ல. தோற்றும் எம்எல்ஏ ஆகலாம். ஒரே தொகுதியிலிருந்து இரண்டு பேர், மூன்று பேர்கூடப் போகலாம். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மாற்று ஆளையும் முன்கூட்டியே அறிவித்துவிடுவதால் இடைத்தேர்தல் என்ற பேச்சே இல்லை. உறுப்பினர் விலகினாலோ இறந்தாலோ மாற்று ஆள் வந்து உட்கார்ந்துவிடுவார்.

இதை மனசில் வைத்துக்கொண்டு 2011-க்கு வருவோம்.

அந்த வருஷம் மார்ச் 11-இல் ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து. மார்ச் 27-இல் தேர்தல். மாநிலத் தலைநகர் ஸ்டுட்கார்ட்டின் ரயில் நிலையத் திட்டத்தை எதிர்த்து அதற்கு முன்பே தெருவில் கூட்டம். 39 சதவீதம் வாங்கியும் சிடியு ஆட்சியை இழந்தது. 24.2 வாங்கிய பசுமைக் கட்சியும் 23.1 வாங்கிய எஸ்பிடியும் கைகோக்க, வின்ஃப்ரீட் கிரெட்ச்மன் ஜெர்மனியின் முதல் பசுமைக் கட்சி முதலமைச்சர் ஆனார். மன்ஹைம் 1-இல் எஸ்பிடியின் ஸ்டெஃபான் ஃபுல்ஸ்ட்-பிளை ஜெயித்தார். பக்கத்துத் தொகுதி மன்ஹைம் 2 பசுமைக் கட்சிக்குப் போய்விட்டது. ஒரே நகரத்தின் பாதி பச்சை, பாதி சிவப்பு.

வெளியே பார்த்தால் கோட்டை நின்றது. உள்ளே ஏற்கெனவே கரையான். எஸ்பிடியைச் சேர்ந்த சான்சலர், அதாவது ஜெர்மனியின் ஆட்சித் தலைவர், ஷ்ரோடர் காலத்தில் கொண்டுவந்த வேலையில்லாதோர் உதவித்தொகைச் சீர்திருத்தத்தை, ஹார்ட்ஸ் 4 என்பார்கள், எஸ்பிடியின் சொந்தத் தொழிலாளி வாக்காளர்களே மன்னிக்கவில்லை. ஆலைகளில் ஆட்கள் குறைந்தார்கள். இன்னொன்று: நெக்கர்ஸ்டாட்டின் மேற்குப் பகுதியில் தெருவில் நடக்கிறவர்களில் பெரும் பங்கு வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள். தொழிலாளர்களை வரவழைக்க ஜெர்மனி துருக்கியோடு போட்ட 1961 ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து வேலைக்கு வந்து, இங்கேயே ஓய்வு பெற்றவராக இருந்தாலும், ஜெர்மன் குடியுரிமை வாங்காவிட்டால் சட்டமன்றத் தேர்தலில் ஓட்டு இல்லை. ஓட்டு இருப்பவர்களிலும் பலர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். மாநிலத்திலேயே வாக்குப்பதிவு மிகக் குறைவாக இருக்கும் தொகுதிகளில் இதுவும் ஒன்று.

[திரை: 2016 மார்ச் 13, மாலை 6 மணி. தொலைக்காட்சியில் பட்டை வரைபடம் ஏறுகிறது.]

மாநில அளவில் பசுமைக் கட்சி 30.3, சிடியு 27.0, ஏஎஃப்டி 15.1. எஸ்பிடி 12.7. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை. அதுவும் அப்போது அரசாங்கத்தில் பங்காளியாக உட்கார்ந்திருந்த கட்சி.

மன்ஹைம் 1-இல் ஏஎஃப்டியின் ருடிகர் க்ளோஸ் 23.0 சதவீதம். எஸ்பிடியின் ஃபுல்ஸ்ட்-பிளை 22.2. வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. அன்றைக்கு மாநிலத்தில் ஏஎஃப்டி நேரடியாகப் பிடித்தது இரண்டே தொகுதி. இது ஒன்று, ஃபோர்ட்ஸ்ஹைம் இன்னொன்று.

23-ஐ மறுபடி பாருங்கள். நூறு பேர் ஓட்டுப் போட்டால் 77 பேர் அவருக்குப் போடவில்லை. அதே இரவில் ஸ்டுட்கார்ட் 1-இல் பசுமைக் கட்சியின் முஹ்டெரெம் அராஸ் 42.4 வாங்கி ஜெயித்தார். துருக்கியில் பிறந்து சிறுமியாக ஜெர்மனிக்கு வந்தவர். இரண்டு மாதத்தில் அந்தச் சட்டமன்றத்தின் தலைவரும் ஆனார். க்ளோஸ் பேச எழுந்தால் அனுமதி கொடுக்க வேண்டியவர் அவர்தான்.

ஆகவே, இங்கே சிவப்பு வெளியேறி அந்த இடத்தை நீலம் நிரப்பவில்லை. ஒரு காலத்தில் ஒரே கட்சிக்குக் குவிந்த ஓட்டு நாலைந்தாக உடைந்தது. உடைந்த துண்டுகளில் எது ஒரு விரற்கடை பெரிதோ அதற்குத் தொகுதி. ஏஎஃப்டியைத் தடுக்க வேண்டும் என்று நினைத்த பசுமைக் கட்சி ஆதரவாளர் ஒருவர் என்ன செய்ய முடியும்? எஸ்பிடி வேட்பாளருக்குக் குத்தினால் மாநிலக் கணக்கில் தன் கட்சிக்கு ஓர் ஓட்டு போச்சு. ஒரே குறி, இரண்டு வேலை. அதற்காக ஏஎஃப்டி ஓட்டைச் சும்மா தள்ளிவிடவும் முடியாது. மாநில சராசரியைவிட இங்கே எட்டு புள்ளி அதிகம். அந்தக் கோபம் நிஜம். கோபத்துக்குத் தொகுதியே கிடைத்தது இந்த உடைசலால்தான்.

ஃபுல்ஸ்ட்-பிளை தோற்றார், ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டாம் இடம் வழியாக அவரும் சட்டமன்றத்துக்குப் போனார்.

2021 மார்ச் 14 பற்றி நீட்டிப் பேச ஒன்றும் இல்லை. கொரோனா காலம், தபால் ஓட்டு ஏராளம். பசுமைக் கட்சி 58 தொகுதி, சிடியு 12, மற்ற யாருக்கும் நேரடியாக ஒன்றுகூட இல்லை. மன்ஹைம் 1 பசுமைக் கட்சியின் சுசான ஆஷ்ஹோஃபுக்கு. சிவப்புக்காரரும் நீலக்காரரும் இரண்டாம் இடத்தில் உள்ளே வந்தார்கள். ஒரே தொகுதியிலிருந்து மூன்று நிறத்திலும் ஆள்.

2022-இல் விதியை மாற்றினார்கள். இனி இரண்டு ஓட்டு, கட்சிப் பட்டியல், 16 வயதிலேயே வாக்குரிமை. பட்டியல் இல்லாததால் இந்த மாநிலச் சட்டமன்றத்தில் பெண்கள் குறைவு என்ற பழைய புகாரும் அதற்கு ஒரு காரணம். மன்ஹைம் 1-க்கு இதன் அர்த்தம் எளிமையானது. வேட்பாளருக்கு ஒரு குறி, கட்சிக்கு வேறொரு குறி போடலாம். 2016-இல் அந்தப் பசுமைக் கட்சிக்காரருக்கு இல்லாத வசதி.

[திரை: கேஃபர்டால். பழைய ராணுவக் குடியிருப்புகள், நடுவில் புதுக் கட்டடங்கள்.]

கடைசியாக ஓர் இடம். கேஃபர்டாலில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் வில்லேஜ் என்ற குடியிருப்பு. போருக்குப் பிறகு அமெரிக்கப் படைவீரர்களின் குடும்பங்கள் பல பத்தாண்டு இங்கே வாழ்ந்தன. அவர்களுக்கு இங்கே ஓட்டு இல்லை. 2010-களின் தொடக்கத்தில் அவர்கள் கிளம்பினார்கள். 2015-இல் அதே காலி வீடுகளில் ஆயிரக்கணக்கில் அகதிகளைத் தங்கவைத்தார்கள். அவர்களுக்கும் ஓட்டு இல்லை. ஆனால் அடுத்த மார்ச்சில் அந்தத் தொகுதியின் பேச்செல்லாம் அவர்களைப் பற்றித்தான். இப்போது அங்கே ஃபிராங்க்ளின் என்ற புதுப் பேட்டை எழும்பிக்கொண்டிருக்கிறது. பழைய ராணுவ வீடுகளைப் புதுப்பித்தும், பக்கத்தில் புதிதாகக் கட்டியும் ஆயிரக்கணக்கானவர்களைக் குடியேற்றுகிறார்கள். அந்தச் சுவர்களுக்குள் முதல் தடவையாக, மன்ஹைம் 1-இன் வாக்குச்சீட்டு வந்து சேரும் வீடுகள்.