நிறுத்திய உலையிலும் நிற்காத வெப்பம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு, இறக்குமதி செய்யப்படும் இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. அதனால் அணுமின்சாரம் பற்றிய பேச்சு இங்கு அவ்வப்போது எழுவதும், எழுந்தவுடன் "வெடித்துவிடுமா?" என்று கேட்கப்படுவதும் இயல்பே. அணுமின் உலை அணுகுண்டைப் போல வெடிக்காது. இயற்கை யுரேனியத்தில் 0.7 விழுக்காடே உள்ள, எளிதில் பிளவுறும் வகையான யுரேனியம்-235, பெரும்பாலான மின் உலைகளுக்காக 3 முதல் 5 விழுக்காடு வரை செறிவூட்டப்படுகிறது. குண்டுக்கு அது போதாது. நாம் கேட்க வேண்டியது, உலையை நிறுத்திய பிறகு அதன் வெப்பம் எங்கே போகும் என்பதைத்தான்.

வேகம் தணிந்த நியூட்ரான் ஒன்று யுரேனியம்-235 அணுக்கருவில் புகுந்தால், அக்கரு பெரும்பாலும் இரண்டாகப் பிளந்து, சுமார் 20 கோடி எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலையும் இரண்டு அல்லது மூன்று நியூட்ரான்களையும் வெளியிடுகிறது. அவற்றுள் சராசரியாக ஒன்று மட்டுமே அடுத்த பிளவை உண்டாக்கும்படி, போரான் போன்ற பொருள்கள் அடங்கிய கட்டுப்பாட்டுத் தண்டுகள் மிகுதியை உறிஞ்சிக்கொள்கின்றன. பிளவின் ஆற்றல் வெப்பமாக, அந்த வெப்பத்தில் நீராவி எழுந்து விசையாழி சுழல்வது நிலக்கரி நிலையத்திலும் நடப்பதே.

தண்டுகளை முழுவதும் இறக்கினால் தொடர்வினை நொடிகளில் நின்றுவிடும். ஆனால் பிளவில் பிறந்த துண்டுகள் கதிரியக்கத்தால் சிதைந்துகொண்டே இருப்பதால், நிறுத்திய உடனே முழு வெப்பத்திறனில் 6 அல்லது 7 விழுக்காடு எஞ்சுகிறது. கூடங்குளத்தில் உள்ளதுபோன்ற, 1000 மெகாவாட் மின்சாரம் தரும் உலை ஒன்றின் வெப்பத்திறன் சுமார் 3000 மெகாவாட். அதை நிறுத்தி ஒரு நாள் கழிந்த பின்னும் பத்து மெகாவாட்டுக்கு மேல் வெப்பம் வெளிவந்துகொண்டிருக்கும். 2011இல் புகுஷிமாவில் நிலநடுக்கம் தாக்கியதும், இயங்கிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தாமாகவே நின்றன. சுனாமி டீசல் மின்னாக்கிகளை மூழ்கடித்து, குளிர்விக்க வழியில்லாமற்போன பிறகே எரிபொருள் உருகியது. 20 கிலோமீட்டர் ஆரத்துக்குள் இருந்தோர் வெளியேற்றப்பட்டனர். சிங்கப்பூரின் மேற்கிலுள்ள ஜூரோங்கை மையமாக வைத்து அந்த வட்டத்தை வரைந்தால் தேக்காவும் தோ பாயோவும் அதற்குள் விழும்.

அன்றிருந்த அணுமின் தொழில்நுட்பம் நமக்குப் பொருந்தாது என்று அரசாங்கத்தின் ஆய்வு 2012இல் முடிவுசெய்ததை இந்த வட்டத்தோடு சேர்த்தே பார்க்கிறேன். எனினும், உலையே இல்லாத இத்தீவின் மருத்துவமனைகள் உலையின் பயனை நுகர்ந்துதான் வருகின்றன. இதய, எலும்புப் பரிசோதனைகளுக்கான கதிரியக்கப் பொருளான டெக்னீசியம்-99எம், உலைகளில் உருவாக்கப்படும் மாலிப்டினம்-99 சிதைந்து கிடைப்பது. இந்த டெக்னீசியத்தின் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் நேரம், 6 மணி நேரமே.

இப்போது பேசப்படும் சிறிய உலைகளுள் சில, பம்பு இல்லாமல் நீரின் இயற்கைச் சுழற்சியாலேயே குளிரும்படி வடிவமைக்கப்படுகின்றன. அவற்றை விற்க வருவோரிடம், மின்சாரம் முற்றிலும் அற்றுப்போனால் எத்தனை மணி நேரம் தாங்கும், அதன்பின் நீரை யார், எங்கிருந்து நிரப்புவார் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.