யாரு யார்கிட்ட பர்மிஷன் கேக்கணும்?

எல்லாருக்கும் வணக்கம்ங்க. "அளவான அரசு, தனிமனித சுதந்திரம்"னு நோட்டீஸ்ல பெருசா அடிச்சுட்டாங்க. அதைப் பாத்துட்டு ஏதோ பணக்காரனுக்கு வரியக் குறைக்கச் சொல்ல வந்திருக்கான்னு பாதிப் பேர் வரலபோல, வந்தவங்களுக்கு நன்றி. நான் பணக்காரன்கிட்ட இருந்து ஆரம்பிக்கல, நகை ஆசாரிகிட்ட இருந்து ஆரம்பிக்கிறேன்.

1962ல சீனாவோட சண்டை. கவர்மென்ட் கையில அந்நியச் செலாவணி இல்ல, ஆனா ஜனங்க தங்கம் வாங்குறத நிறுத்தல, கள்ளத்தனமா தங்கம் வந்து இறங்கிக்கிட்டே இருக்கு. 1963 ஜனவரில நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் ஒரு உத்தரவு போட்டாரு, இனிமே 14 காரட்டுக்கு மேல யாரும் நகை செய்யக்கூடாது, அவ்ளோதான். 14 காரட்னா நூத்துக்கு 58 பங்கு சொச்சம்தான் தங்கம், மிச்சம் செம்பும் வெள்ளியும். நம்ம ஊர்ல யாராவது அதுல தாலி செய்வாங்களா? செய்யல. அப்பன் பாட்டன் காலத்துல இருந்து உமி நெருப்புச் சட்டி முன்னாடி குனிஞ்சு ஊதுகுழல் ஊதிக்கிட்டிருந்த ஆசாரிக்கு திடீர்னு வேலையே இல்லாமப் போச்சு. நாடு முழுக்க பட்டறைய மூடுனாங்க, தற்கொலைச் செய்தியெல்லாம் வந்துச்சு. சரி, கடத்தல் நின்னுச்சா? அது பாட்டுக்கு வளந்துச்சு. சில வருஷத்துல 14 காரட் விதிய எடுத்துட்டு 1968ல தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம்னு வேற ஒண்ணு கொண்டுவந்தாங்க, லைசன்ஸு, ரிஜிஸ்தர், ரெய்டுன்னு அது 1990 வரைக்கும் ஓடுச்சு.

இதுல ஒண்ணு கவனிங்க. மொரார்ஜி தேசாய் காசு வாங்குற ஆளு இல்ல, அவரப் பிடிக்காதவங்களே அத ஒத்துக்குவாங்க. நல்ல மனுஷன், நல்ல நோக்கம், முன்னாடி நிஜமாவே ஒரு பிரச்சினை. அப்படியும் டெல்லில ஒருத்தர் போட்ட ஒரு கையெழுத்துல லட்சக்கணக்கான பட்டறைக்காரங்க நடுத்தெருவுக்கு வந்தாங்க. "நல்லவங்க ஆட்சிக்கு வந்தா எல்லாம் சரியாயிடும்"னு நம்ம ஊர்ல காலங்காலமா பேசுறோம் பாருங்க, அதுலதான் எனக்கு சண்டை. அந்தக் கையெழுத்துக்கு அவ்ளோ பவர் ஏன் இருக்கணும்?

இந்தக் கேள்வியக் கேட்டு ஒரு கட்சியே நம்ம சென்னைலதான் பொறந்துச்சு. 1959, ராஜாஜிக்கு எண்பது வயசு, எல்லாப் பதவியும் பாத்து முடிச்சாச்சு, நாக்பூர் காங்கிரஸ் மாநாட்டுல கூட்டுப் பண்ணைன்னு, அதாவது நிலத்தையெல்லாம் ஒண்ணாச் சேத்துப் பயிர் பண்ணணும்னு, தீர்மானம் போட்ட உடனே ரங்கா, மினு மசானி மாதிரி தலைவர்களையெல்லாம் சேத்துக்கிட்டு சுதந்திராக் கட்சிய ஆரம்பிச்சாரு. "பர்மிட் லைசன்ஸ் கோட்டா ராஜ்"னு அவர் சொன்னது இன்னிக்கு வரைக்கும் நிக்குது. 1967 லோக்சபால 44 சீட்டோட காங்கிரஸுக்கு அடுத்த பெரிய கட்சி அதுதான், 1971ல எட்டுக்கு இறங்குனது தனிக்கதை.

அவர் எதத் திட்டுனாருன்னா, 1951ல தொழில் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு, அதுல ஃபேக்டரி ஆரம்பிக்க லைசன்ஸ், புதுப் பொருள் செய்ய லைசன்ஸ், இருக்குற ஃபேக்டரிய பெருசாக்கக்கூட லைசன்ஸ், அதாவது அனுமதிச்ச அளவத் தாண்டி நல்லா உற்பத்தி பண்ணிட்டா அதுக்கே கேஸு. ஸ்கூட்டருக்குப் பேர் பதிஞ்சுட்டு வருஷக்கணக்கா காத்துக்கிட்டிருந்ததெல்லாம் இதோட விளைவுதான், இங்க பெரியவங்க தலையாட்டுறீங்க பாருங்க. பெரிய முதலாளிகள அடக்கத்தான் இவ்ளோவும்னு சொன்னாங்க. கவர்மென்ட்டே ஹசாரின்னு ஒரு பொருளாதார நிபுணர ஆராயச் சொல்லி 1967ல ரிப்போர்ட் வந்துச்சு, பாத்தா பிர்லா குரூப் மாதிரி பெரிய வீட்டுக்காரங்கதான் லைசன்ஸ அள்ளிட்டுப் போயிருக்காங்க, சில லைசன்ஸ வாங்கி சும்மா வச்சுக்கிட்டு அடுத்தவன வரவிடாமப் பண்ணியிருக்காங்க. ஆச்சரியமே இல்ல. டெல்லில ஆஃபீஸ் போட்டு ஃபைல் பின்னாடி அலைய ஆள் வைக்க யாரால முடியும்? கோயமுத்தூர்ல லேத்து பட்டறை வச்சிருக்குறவராலயா? கவர்மென்ட் கையில எவ்ளோ அனுமதிச் சீட்டு இருக்கோ அவ்ளோக்கு அது பக்கத்துல இருக்குறவனுக்கு லாபம்.

இங்க சிலர் முகத்துல ஒரு சிரிப்பு தெரியுது, ராஜாஜியா சுதந்திரத்துக்கு உதாரணம்னு. நியாயமான சிரிப்புதான். 1937ல முதல்வரா வந்து சேலத்துல மதுவிலக்கு கொண்டுவந்தது அவர், இந்தி மொழியக் கட்டாயமாக்கி எதுத்தவங்கள ஜெயில்ல போட்டது அவர், 1953ல பிள்ளைங்க பாதி நாள் அப்பன் தொழிலப் பழகட்டும்னு திட்டம் போட்டதும் அவர்தான். லைசன்ஸ் ராஜ்ஜியத்த அவ்ளோ தெளிவாப் பாத்த மனுஷர் தன் கையில அதிகாரம் இருந்தப்ப அடுத்த வீட்டுப் பிள்ளை என்ன படிக்கணும்னு முடிவு பண்ணப் போயிட்டாரு. என் வாதத்துக்கு இதவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது. (அப்ப குடிக்கவே கூடாதுன்ன அரசு, 2003ல இருந்து நான் மட்டும்தான் சரக்கு விப்பேன்னு டாஸ்மாக்ல உக்காந்திருக்கு, நடுவுல நம்மள யாரும் ஒரு வார்த்தை கேக்கல.)

இது வலதுசாரி சமாச்சாரம்னு சொல்ற தோழர்களுக்கு ஒண்ணு. 1950ல மெட்ராஸ் அரசு ரொமேஷ் தாப்பரோட 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகைக்குத் தடை போட்டுச்சு, இடதுசாரிப் பத்திரிகை அது. சுப்ரீம் கோர்ட் தடை செல்லாதுன்னுச்சு. உடனே கவர்மென்ட் என்ன பண்ணுச்சு? 1951ல அரசியல் சட்டத்தையே திருத்திடுச்சு, முதல் திருத்தமே பேச்சுரிமைக்கு வேலி போட்ட திருத்தம்தான். அரசோட கைய கட்டிவச்சா அது கம்யூனிஸ்ட்டுக்கும் பாதுகாப்புதாங்க.

அப்ப ரேஷன் கடை, சத்துணவெல்லாம் வேணாமான்னு கண்டிப்பா கேப்பீங்க. பசிச்ச பிள்ளைக்கு முட்டை போடுறதுல எனக்கு ஒரு சண்டையும் இல்ல, என்னோட கொள்கைக்காரங்க சிலருக்கே இதுல என்மேல கோவம், இருக்கட்டும். சோறு போடுறது வேற, நீ எதச் செய்யலாம் எங்க விக்கலாம் யாரக் கட்டிக்கலாம்னு என்னக் கேட்டுட்டுச் செய்னு சொல்றது வேற. இன்னொன்னு, அரசு மட்டும்தான் சுதந்திரத்துக்கு எதிரின்னு தமிழ்நாட்டுல நின்னு சொன்னா அது பொய். ஊரும் சாதியும் போட்ட கட்டுப்பாடு எந்த லைசன்ஸ் ராஜ்ஜியத்தையும்விடக் கொடுமை. அத உடைக்க போலீஸும் கோர்ட்டும் வேணும், பலமா வேணும். அளவான அரசுன்னா பலவீனமான அரசு இல்ல, செய்யவேண்டிய வேலைய மட்டும் ஒழுங்காச் செய்ற அரசு.

ஆனா செய்யுதா? 1967ல அண்ணா ஆட்சில சுயமரியாதைத் திருமணத்துக்கு சட்டம் வந்துச்சு, ரெண்டு பேர் சொந்தக்காரங்க, நண்பர்கள் முன்னாடி மாலை மாத்துனாப் போதும், ஐயர் வேணாம். தமிழ்நாட்டுல தனிமனித சுதந்திரத்துக்கு வந்த சட்டத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது அது. ஆனா அது ரெண்டு இந்துக்களுக்குத்தான். பையன் ஒரு மதம், பொண்ணு ஒரு மதம்னா பெரும்பாலும் 1954 சிறப்புத் திருமணச் சட்டத்துக்குத்தான் போகணும். அங்க என்ன? முதல்ல நோட்டீஸ் குடுக்கணும், அத ஆஃபீஸ்ல எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி ஒட்டணும், 30 நாள் காத்திருக்கணும், யார் வேணா ஆட்சேபனை எழுதிக் குடுக்கலாம். அவங்க நிரந்தர விலாசம் வேற மாவட்டம்னா நோட்டீஸோட காப்பி அந்த மாவட்ட ஆஃபீஸுக்கும் போகும், அங்கயும் ஒட்டுவாங்க. வீட்டுக்குப் பயந்து ஓடிவந்த பொண்ணு எங்க இருக்கா, யாரக் கட்டப்போறான்னு அவ அப்பன் ஊர்லயே கவர்மென்ட் செலவுல போஸ்டர் ஒட்டுற மாதிரி இது. 2021ல அலகாபாத் ஹைகோர்ட், இப்படி நோட்டீஸ ஒட்டுறது அந்த ஜோடி கேட்டாத்தான்னு சொல்லிடுச்சு. சட்டப் புத்தகத்துல அந்தப் பிரிவு அப்படியேதான் இருக்கு. லா காலேஜ் பசங்க நிறையப் பேர் வந்திருக்கீங்க, இதுலருந்தே கேள்விய ஆரம்பிக்கலாம், மைக்க அங்க குடுங்க.