ப்ரீநப், போஸ்ட்நப்: செட்டிநாட்டு வீட்டில் எழுதி வைத்தால் எது செல்லும், எது செல்லாது?

[திரையில்: காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் வீடு. முகப்பைத் தாண்டி வளவு என்கிற உள்முற்றம். கல்யாணச் சாமான் பரப்பி வைத்திருக்கிறார்கள்.]

வணக்கம். ப்ரீநப், அதாவது கல்யாணத்துக்கு முன் எழுதும் சொத்து ஒப்பந்தம் என்றதும் "தாலி ஏறும் முன்னாலேயே பிரிவைப் பேசுவதா?" என்று முகம் சுளிக்கிற ஊர்தான் நம்முடையது. ஆனால் கல்யாணத்தில் எழுதி வைப்பது நமக்கு ஒன்றும் புதிதில்லை. நகரத்தார் கல்யாணத்தில் இசைகுடிமானம் எழுதாமல் காரியம் நடக்காது. இரு வீட்டார் சம்மதத்தையும் எழுத்தில் பதியும் ஏடு அது. அந்தக் காலத்தில் ஓலை, இப்போது தாள். அதோடு சீர்முறைகளை எழுதும் முறைச்சிட்டை, மொய் எழுதும் மொய்ப்பண ஏடு. கல்யாணம் முடிந்த ஜோடி கோயில் கணக்கில் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பம். அப்புறம் வேறு வைப்பது: ஒரே வீட்டுக்குள் தனி அடுப்பு, தனிக் கணக்கு. அப்பன் மகன் என்றாலும் கணக்கு கணக்குதான்.

இவ்வளவு எழுதுகிறோமே, இதில் நாளை கோர்ட்டில் நிற்பது எது? அதுதான் இந்த வீடியோ.

[திரையில்: இரண்டு தாள்கள். ஒன்றில் "கல்யாணத்துக்கு முன்", மற்றதில் "கல்யாணத்துக்குப் பின்".]

கல்யாணத்துக்கு முன்பு இருவரும் சொத்து, கடன், வருமானம், பிரிந்தால் யாருக்கு என்ன என்று எழுதிக்கொள்வது ப்ரீநப். அதையே கல்யாணத்துக்குப் பிறகு எழுதினால் போஸ்ட்நப். அமெரிக்காவில் இது சகஜம். பல மாநிலங்களில் இதற்கென்றே தனிச் சட்டம் உண்டு. இந்தியாவில் கோவாவின் கதை வேறு. போர்ச்சுகீசியர் விட்டுப்போன 1867-ஆம் ஆண்டு சிவில் சட்டம் அங்கே இன்னும் நடப்பில் இருப்பதால், கல்யாணத்துக்கு முன் எழுதும் சொத்து ஒப்பந்தத்துக்கு இடம் உண்டு. முஸ்லிம் திருமணத்தில் நிக்காஹ்நாமா என்கிற திருமண ஒப்பந்தத்தில், மணமகளுக்குத் தரும் மஹர் தொகையும் நிபந்தனைகளும் எழுதலாம்.

நம் பக்கத்து இந்துக் கல்யாணத்துக்கு 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம். அதில் ப்ரீநப் செல்லும் என்றும் இல்லை, செல்லாது என்றும் இல்லை. அதனால் விஷயம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்துக்குப் போய்விடுகிறது. பொதுநலக் கொள்கைக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது என்கிறது அதன் 23-ஆவது பிரிவு. கணவனும் மனைவியும் பிரிய வழி செய்துகொடுக்கும் ஒப்பந்தங்களைக் கோர்ட்டுகள் இந்தக் கணக்கில்தான் தள்ளி வந்திருக்கின்றன. 1911-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு இப்படித்தான். கணவனும் மனைவியும் சமரசமாகி, பின்னால் பிரிந்தால் இவ்வளவு பணம் என்று எழுதிக்கொண்டார்கள். செல்லாது என்றது கோர்ட். அதற்குப் பத்து வருடம் முன்னால் கல்கத்தாவில் இன்னொன்று: மாமியார் சொற்படி அவர் வீட்டிலேயே இருப்பேன் என்று மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். அதுவும் செல்லவில்லை.

ஜீவனாம்சத்தில் கோர்ட் இன்னும் கறார். ஒரு மனைவி 8,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, இனி ஜீவனாம்சம் கேட்பதில்லை என்று வழக்கு நடக்கும்போதே சமரசம் எழுதிக் கொடுத்தார். பிறகு வேறொரு சட்டப் பிரிவில் கேட்டு வந்தார். கேட்கலாம் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கு நடக்கும்போது எழுதியதற்கே இந்தக் கதி என்றால், கல்யாணத்துக்கு முன் ஸ்டாம்ப் பேப்பரில் "ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்" என்று எழுதி நோட்டரி முத்திரை குத்தி வாங்குவதற்கு என்ன பலன் இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பிள்ளை யாரிடம் வளரும் என்று முன்கூட்டி எழுதுவதும் அப்படித்தான். கோர்ட் அன்றைக்குப் பிள்ளையின் நலனைப் பார்க்கும், தாளைப் பார்க்காது.

என் கட்சி இதுதான். பிரிவைப் பற்றி எழுதும் தாள் நம் ஊரில் நிற்பது கஷ்டம். எது யாருடையது என்று எழுதும் தாள் நிற்கும். அந்த இரண்டாவது தாளில்தான் நம் ஆட்கள் கவனம் போதாது.

[திரையில்: வைரத் தோடு, வெள்ளிச் சாமான், எவர்சில்வர் அடுக்கு. பக்கத்தில் கையால் எழுதிய பட்டியல்.]

இந்தப் பட்டியலில் கொஞ்ச நேரம் நிற்போம். பெண்ணுக்குக் கல்யாணத்தை ஒட்டி வந்த நகை, வெள்ளி, பாத்திரம், பணம் எல்லாம் ஸ்ரீதனம். அது முழுக்க அவளுடைய சொத்து. புகுந்த வீட்டில் வைத்திருந்தால் அவர்கள் பாதுகாப்பாளர்கள் மட்டுமே என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. கேட்டால் திருப்பித் தர வேண்டும். கஷ்ட காலத்தில் கணவன் எடுத்துப் பயன்படுத்தினாலும் திருப்பித் தரும் கடமை அவனுக்கு உண்டு என்று 2024-இலும் சொல்லியிருக்கிறது.

சரி, சட்டம் பெண் பக்கம்தான். ஆனால் கோர்ட்டில் முதல் கேள்வியே "என்னென்ன கொடுத்தீர்கள்?" என்பது. சாமான் பரப்பும்போது ஊரே பார்த்தது. பத்து வருடம் கழித்து எத்தனை வெள்ளிக் குத்துவிளக்கு என்று கேட்டால் ஊரில் ஆளுக்கு ஒரு எண் சொல்வார்கள்.

இதற்காகவே 1985-இல் மத்திய அரசு விதி போட்டது. கல்யாணத்தில் மணமகளுக்கு வந்த பரிசுகளுக்கு ஒரு பட்டியல், மணமகனுக்கு வந்தவற்றுக்கு ஒரு பட்டியல். கல்யாணத்தின்போதோ அது முடிந்த கையோடோ எழுத வேண்டும். பொருளின் சிறு விவரம், சுமார் மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவினர் என்றால் என்ன உறவு, இவ்வளவும் இருக்க வேண்டும். இரண்டு பட்டியலிலும் பெண், மாப்பிள்ளை இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அவரவர் பட்டியல் அவரவரிடம்.

முறைச்சிட்டை எழுதிப் பழகிய வீட்டுக்கு இது அரை நாள் வேலை. நம் ஏட்டில் பெரும்பாலும் விட்டுப்போவது மதிப்பும், இருவர் கையெழுத்தும்தான். நகைக்கடை பில்லைச் சேர்த்து வையுங்கள். வைரத் தோடு என்று மட்டும் எழுதாமல் எத்தனை கல், எத்தனை காரட் என்று எழுதுங்கள். அப்பத்தா வழியாக வந்த பழைய நகைக்கு பில் இருக்காது. எடை போட்டு, போட்டோ எடுத்து வைத்தால் போதும். லாக்கர் மாமியார் பெயரில் இருக்கிறதா, மருமகள் பெயரில் இருக்கிறதா என்பதையும் அன்றைக்கே பேசிவிடுவது நல்லது. இதைக் கேட்க வெட்கப்படும் வீடுகள்தான் பின்னால் அதிகம் சண்டை போடுகின்றன.

ஒரு எச்சரிக்கை. "இவ்வளவு பவுன், இவ்வளவு ரொக்கம் தருகிறோம்" என்று பேரம் பேசிக் கல்யாணத்துக்கு முன் எழுதும் தாளை ப்ரீநப் என்று நினைத்துவிடாதீர்கள். 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தில் அந்த ஒப்பந்தம் செல்லாது. செல்லாததோடு நிற்காது, வாங்கியவர் கொடுத்தவர் இருவர் மேலும் குற்றம். கேட்காமல் தந்த, வழக்கமான, வசதிக்கு மீறாத பரிசைத்தான் சட்டம் விடுகிறது. அதுவும் பட்டியலில் ஏறியிருந்தால்.

[திரையில்: சென்னையில் ஒரு அபார்ட்மென்ட். விற்பனைப் பத்திரம்.]

அடுத்தது வீடு. நிறையப் பேர் நினைப்பது போல, கல்யாணம் ஆனதும் கணவன் சொத்தில் மனைவிக்குப் பாதி, மனைவி சொத்தில் கணவனுக்குப் பாதி என்று நம் சட்டத்தில் கிடையாது. யார் பெயரில் பத்திரமோ அவருடையது என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். வள்ளியம்மை, சொக்கலிங்கம் என்று ஒரு ஜோடியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இருவரும் சென்னையில் வேலை. ஃப்ளாட்டுக்கு முன்பணம் வள்ளியின் அப்பச்சி (அப்பா) கொடுத்தது, மாதத் தவணை இருவரும் கட்டுவது, பத்திரம் சொக்கலிங்கம் பெயரில் மட்டும். நாளை வள்ளி தன் பங்கை நிரூபிக்க பேங்க் ஸ்டேட்மென்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். வாங்கும்போதே இருவர் பெயரையும் போட்டு, 60-க்கு 40 என்று பங்கைப் பத்திரத்திலேயே எழுதியிருந்தால் எந்த ப்ரீநப்பும் தேவைப்பட்டிருக்காது. அப்பச்சி தந்தது பரிசா கடனா என்பதற்கும் ஒரு தாள் போட்டுவிடலாம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். வட்டிக் கணக்குப் பார்த்த வம்சம்தானே!

[திரையில்: பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு. ஒவ்வொரு அறைக் கதவிலும் ஒரு பூட்டு.]

ஊரில் இருக்கிற பெரிய வீடு வேறு சங்கதி. பங்காளிகள் பலருக்கும் பாத்தியமான வீட்டைப் பற்றி கணவனும் மனைவியும் மட்டும் ஒப்பந்தம் போட்டால் மற்றவர்களைக் கட்டாது. பாகப்பிரிவினை ஆகாத கூட்டுக் குடும்பச் சொத்தில் தன் பங்கை, மற்றப் பங்காளிகள் சம்மதம் இல்லாமல் மனைவிக்குத் தானமாக எழுதிக் கொடுக்கவும் முடியாது. உயில் எழுதலாம், 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் அதை அனுமதிக்கிறது. பெண்களும் ஒன்றை மறக்க வேண்டாம்: கல்யாணம் ஆனதால் பிறந்த வீட்டுப் பங்கு போய்விடுவதில்லை. மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு என்று 2005-இல் வந்த திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2020-இல் உறுதி செய்தது.

போஸ்ட்நப்புக்கு நம் ஊரில் நடைமுறையில் உள்ள உருவம் செட்டில்மென்ட் பத்திரம். தன் சுயசம்பாத்திய வீட்டையோ நிலத்தையோ மனைவிக்கோ கணவனுக்கோ எழுதிக் கொடுப்பது. இரண்டு சாட்சி, சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸில் பதிவு, இது இரண்டும் இல்லாமல் செல்லாது. மனம் மாறினால் இஷ்டத்துக்கு ரத்து செய்யவும் முடியாது என்பதால் கோபத்திலோ குஷியிலோ எழுதாதீர்கள். வாடகை வருகிற சொத்தை மனைவிக்கு இனாமாகக் கொடுத்தால் வருமான வரியில் அந்த வாடகை கணவன் கணக்கிலேயே சேரும். தொழில் செய்பவர்கள் கவனிக்க: கடன்காரர்களை ஏய்க்க மனைவி பெயருக்கு மாற்றினால், அவர்கள் வழக்குப் போட்டு அந்தப் பத்திரத்தையே ரத்து செய்ய வைக்கலாம். வட்டித் தொழில் நடந்த ஊரில் இந்த உபாயத்தைத் தெரியாதவர் இல்லை, கோர்ட்டுக்கும் தெரியும்.

நிஜமாகவே பிரிவதென்று முடிவானால், எழுதும் தாளுக்கு அப்போது பலம் வருகிறது. ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்த பின், பரஸ்பர சம்மத விவாகரத்து மனுவோடு யாருக்கு என்ன என்று ஒத்துக்கொண்டு கோர்ட்டில் பதிவு செய்தால் அது பொதுவாகக் கட்டுப்படுத்தும்.

கடைசியாக, சிங்கப்பூர், லண்டன் என்று குடியேறியவர்கள். சிங்கப்பூரில் சொத்தைப் பிரிக்கும்போது இப்படிப்பட்ட ஒப்பந்தத்தையும் கோர்ட் கணக்கில் எடுக்கும், ஆனால் அப்படியே ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. இங்கிலாந்தில் 2010 தீர்ப்புக்குப் பிறகு, விளைவு புரிந்து மனமொப்பிப் போட்டதாக இருந்து, அநியாயமாகவும் இல்லாவிட்டால் நல்ல மதிப்புக் கொடுக்கிறார்கள். இரண்டு இடத்துக்கும் பொருந்துகிற ஆலோசனை: இருவருக்கும் தனித்தனி வக்கீல், சொத்தையும் கடனையும் மறைக்காத பட்டியல், யோசிக்க நேரம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பெண்ணின் கையில் பேனாவைக் கொடுத்து வாங்கிய கையெழுத்து எந்த ஊர் கோர்ட்டிலும் சந்தேகத்தோடுதான் பார்க்கப்படும். கல்யாணத்துக்கு நாள் குறிக்கும் வாரத்திலேயே வக்கீலையும் பார்த்துவிடுங்கள்.